ஊராட்சிக் கணக்கும் நம்ம அஞ்சறைப் பெட்டியும்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



எனக்குக் கொடுத்த தலைப்பு "அரசு அலுவலகங்களில் நிர்வாகமும் நிதியும்". பத்தாவது படிச்ச எனக்கு இது கொஞ்சம் பெரிய தலைப்புதான். கலெக்டர் ஆபீஸ் கணக்கு எனக்குத் தெரியாது. ஆனா நம்ம எல்லாருக்கும் தெரிந்த அரசு அலுவலகம் ஒண்ணு இருக்கு. குழாயில தண்ணி வரலைன்னா குடத்தோட போய் நிக்கிறோமே, அந்த ஊராட்சி மன்ற அலுவலகம். அதைப் பத்தி மட்டும் பேசுறேன்.

அங்க போய் நாம என்ன கேட்போம்? "தெருவிளக்கு எரியலை, ஏன் போடலை?" அவுங்க என்ன சொல்வாங்க? "நிதி இல்லைம்மா." நாமளும் முணுமுணுத்துக்கிட்டே திரும்பி வந்துடுவோம். சிலபேர், "பணமெல்லாம் தின்னுட்டானுங்க"ன்னு சத்தமாவே சொல்லிட்டு வருவோம். இந்த ரெண்டு பேச்சுமே பாதி உண்மைதான். நிதி இல்லைன்னு சொல்ற அன்னைக்கே ஊராட்சிக் கணக்குல சில லட்சம் இருக்கலாம். ஆனா அதுல இருந்து ஒரு பல்பு வாங்க முடியாது. இது எப்படின்னு புரியாத வரைக்கும் நம்ம கேள்வி அவுங்களுக்கு உறைக்காது.

நம்ம அஞ்சறைப் பெட்டியை நினைச்சுக்குங்க. கடுகு தீர்ந்து போச்சு, மஞ்சள் நிறைய இருக்கு. மஞ்சளை எடுத்துத் தாளிக்க முடியுமா? ஊராட்சிப் பணமும் அப்படி அறை அறையாத்தான் வருது. ரொம்ப காலமா நம்ம ஊராட்சிகள்ல மூணு கணக்கு உண்டு. முதல் கணக்கு பொது நிதி. வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம், தொழில் வரி, குளத்து மீன் ஏலம் மாதிரி ஊரோட சொந்த வருமானமும், மாநில நிதிக்குழு மானியமும் இதுல சேரும். மாநில அரசு தன்னோட சொந்த வரி வருவாய்ல 10 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்குன்னு பிரிக்குதே, அதுல நம்ம ஊர்ப் பங்கு. ரெண்டாவது கணக்கு கரண்டு பில்லுக்கும், குடிநீர் வடிகால் வாரியத்துக்குக் கட்ட வேண்டிய தண்ணிக் காசுக்கும் மட்டும். மூணாவது, திட்டங்களுக்குன்னு வர்ற பணம். இப்போ எல்லாம் ஆன்லைன் ஆகி, செக்குக்குப் பதிலா கம்ப்யூட்டர்ல பணம் போகுது. ஆனா அறைகள் மட்டும் அப்படியேதான் இருக்கு.

அறைக்குள்ள அறையும் உண்டு. மத்திய அரசோட 15ஆவது நிதிக்குழு மானியத்துல 2021-22லிருந்து நூறு ரூபா வந்தா 60 ரூபா இன்னதுக்குத்தான்னு கட்டி வெச்சது. அதுல 30 குடிநீருக்கு, 30 சுகாதாரத்துக்கு. மிச்சம் 40 ரூபாயை ஊர்த் தேவைக்குச் செலவு பண்ணலாம்னு இருந்துச்சு. ஆனா அந்த 40லயும் சம்பளம் கொடுக்கக் கூடாதுன்னு இருந்துச்சு. இப்போ யோசிங்க. தண்ணி மோட்டார் காயில் போச்சுன்னா குடிநீர்ப் பங்குல எடுத்துக் கட்டலாம். தூய்மைக் காவலர் அக்காவுக்கு மாசச் சம்பளம் பாக்கின்னா, அந்தப் பணம் பக்கத்துலயே கிடந்தாலும் தொட முடியாது. ஒரு பக்கம் குடிநீர்ப் பணம் கிடக்கும், இன்னொரு பக்கம் தெரு இருட்டாக் கிடக்கும். ரெண்டும் ஒரே ஊர்தான், ஒரே வருஷம்தான்.

அதனால நாம கேட்க வேண்டிய கேள்வியை மாத்தணும். "பணம் இருக்கா?"ன்னு கேட்காதீங்க. "எந்தக் கணக்குல எவ்வளவு இருக்கு? இந்த வேலை எந்தக் கணக்குல வரும்?"னு கேளுங்க. இப்படிக் கேட்டா ஊராட்சிச் செயலர் நிமிர்ந்து பார்ப்பார். நான் கேட்டுப் பார்த்திருக்கேன். முதல்ல கொஞ்சம் முறைச்சார். அப்புறம் நோட்டை எடுத்தார்.

செயலரைப் பத்தியும் ஒரு வார்த்தை சொல்லணும். நாம திட்டுறது எல்லாம் அவரைத்தான். ஆனா அந்த ஆபீஸ்ல எல்லாத்துக்கும் அவர் ஒருத்தர்தான். வரி வசூல், ரசீது, பதிவேடு, கிராம சபை நோட்டீஸ், ஒன்றிய ஆபீஸ்ல கேட்கிற அறிக்கை, கம்ப்யூட்டர்ல ஏத்துற வேலை எல்லாம் அவர் தலையில. சில பேர் பக்கத்து ஊரையும் சேர்த்துப் பார்க்குறாங்க. நம்ம குழுவுல பன்னிரண்டு பேருக்கு ஊக்குநர், ரெண்டு பிரதிநிதி, கணக்கு எழுத ஒரு ஆள்னு இருக்கும்போதே மாசக் கடைசியில கணக்கு இடிக்குது. இதைச் சொல்லி அவர் தப்பு பண்ணினா விட்டுடுங்கன்னு சொல்லலை. கேள்வியைச் சரியான ஆள்கிட்ட கேட்கணும்னு சொல்றேன்.

நூறு நாள் வேலைக் கூலியை எடுத்துக்குங்க. 2024 நவம்பர் கடைசியிலிருந்து மாசக்கணக்கா கூலி ஏறலை. பொங்கலுக்கும் வரலை. நம்ம பெண்கள் ஊராட்சி ஆபீஸ் வாசல்லயே போய்ச் சத்தம் போட்டாங்க. கோவம் நியாயம்தான். ஆனா அந்தக் கூலி ஊராட்சிக் கணக்குக்கு வந்ததே இல்லை, நேரா நம்ம வங்கிக் கணக்குக்கு வந்தது. டெல்லியில இருந்து பணம் விட வேண்டியிருந்துச்சு. 2025 ஏப்ரல் கடைசியிலதான் விட்டாங்க. வாய்க்கால் தூர் வார்றதும் அப்படித்தான். பெரிய வாய்க்கால் நீர்வளத் துறையோடது. கொள்முதல் நிலையத்துல நெல் தேங்குனா அது நுகர்பொருள் வாணிபக் கழகம். அங்கன்வாடி இன்னொரு துறை. எந்த வீட்டு அடுப்புன்னு தெரிஞ்சாத்தானே விறகு யார் தரணும்னு கேட்க முடியும்.

இப்போ ஊராட்சியோட நிரந்தரச் செலவுக்கு வர்றேன். நம்ம வீட்டுல வருமானம் வந்தாலும் வராட்டியும் அரிசி, பால், குழுத் தவணை இருக்கு. ஊராட்சிக்கு அது மாதிரி மோட்டார் கரண்டு பில், தெருவிளக்கு கரண்டு பில், தொட்டி ஆபரேட்டர் சம்பளம், தூய்மைக் காவலர் சம்பளம். மாசா மாசம் நிக்காம போகும். ஆனா வர்ற பணம் தவணை தவணையா வரும், சில தவணை தள்ளியும் போகும். அதுக்குள்ள ஐப்பசி கார்த்திகை வந்துடும். மழையில ரோடு அரிக்கும், தண்ணி தெருவுல நிக்கும், குளோரின் பவுடர் கூடுதலா வாங்கணும். டெல்டா ஊராட்சிக்குச் செலவு பூரா ஐப்பசியில, மக்கள் கையில காசு தையில. இதுதான் பெரிய சிக்கல்னு எனக்குத் தோணுது.

கரண்டு பில்லைப் பத்திச் சொல்லும்போது ஓடந்துறையைச் சொல்லாம இருக்க முடியாது. கோயம்புத்தூர் மாவட்டத்துல மேட்டுப்பாளையம் பக்கம் இருக்கிற ஊராட்சி. சண்முகம்னு ஒருத்தர் 1996ல இருந்து பத்து வருஷம் தலைவரா இருந்தார். அவுங்க ஊராட்சிக்கும் கரண்டு பில்தான் பெரிய செலவு. 2006ல அந்த ஊராட்சி சொந்தமா ஒரு காத்தாடி ஆலை வாங்கிச்சு. 350 கிலோவாட். விலை 1 கோடியே 55 லட்சம். அதுல 1 கோடியே 15 லட்சம் வங்கிக் கடன், மிச்சம் 40 லட்சம் ஊராட்சி சேர்த்து வெச்ச சொந்தப் பணம். அதுல வர்ற கரண்டு ஊர்த் தேவைக்குப் போக மிச்சம் மின்வாரியத்துக்கு வித்தாங்க. அவருக்கு அப்புறம் அவர் மனைவி லிங்கம்மாள் தலைவரா வந்தாங்க. சொந்தப் பணம் கொஞ்சம் போட்டு, மிச்சத்துக்குக் கடன் வாங்கி, சொத்து வாங்கி, அது சம்பாதிச்சுக் கடனைக் கட்டுறது நமக்குப் புதுசா? கறவை மாட்டுக் கடன் இதேதானே! நம்ம ஊர்ல காத்தாடி சுத்தாது. நான் சொல்ல வர்றது, அவுங்க கரண்டு பில்லைக் கையில எடுத்து எவ்வளவு யூனிட்டுன்னு பார்த்தாங்க. நம்ம ஊராட்சி மோட்டார் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓடுது? மேலத்தெருக் கடைசிக் குழாய் மூடி இல்லாம வாய்க்கால்ல ஊத்திக்கிட்டே இருக்கே, அதுக்கு எத்தனை மணி? இதை எழுதிப் பார்த்தவங்க யாராவது இருக்கீங்களா?

இன்னொரு ஊர் குத்தம்பாக்கம், திருவள்ளூர் மாவட்டம். அங்க இளங்கோன்னு இன்ஜினியரிங் படிச்சவர் 1996ல தலைவர் ஆனார். சாக்கடை கட்டுறதுக்கு எஸ்டிமேட்ல சொன்ன பொருளை வாங்காம, கிரானைட் ஆலையில கழிச்சுப் போட்ட கல்லை வெச்சுக் கட்டினார். செலவு குறைஞ்சது. ஆனா எஸ்டிமேட்படி இல்லைன்னு சொல்லி அவரை சஸ்பெண்ட் பண்ணிட்டாங்க. ஊர் மக்கள் கிராம சபையில கூடி அவர் பக்கம் நின்னாங்க. உத்தரவு திரும்பப் போச்சு. வீட்டுல நாம காசு மிச்சம் பிடிச்சா கெட்டிக்காரின்னு பேர். அரசாங்கத்துல எழுதின மாதிரி செய்யாம மிச்சம் பிடிச்சா விளக்கம் கேட்டு நோட்டீஸ் வரும். எனக்கு இந்த நியாயம் முழுசாப் புரியலைதான். ஆனா எழுதின மாதிரி செய்யணும்னு ஒரு கட்டு இல்லைன்னா எழுதினது ஒண்ணு, கட்டினது ஒண்ணுன்னு விடுறவங்களும் இருக்காங்களே. அதனால மாத்திச் செய்யணும்னா முன்னாடியே தீர்மானம் போட்டு, ஒன்றிய இன்ஜினியர்கிட்ட எஸ்டிமேட்டைத் திருத்தி வாங்கிட்டுச் செய்யணும். நாளைக்கு உங்கள்ல யாராவது தலைவரா வந்தா இதை ஞாபகம் வெச்சுக்குங்க.

தலைவர்னு சொன்னதும் இன்னொரு விஷயம். இப்போ நம்ம ஊர்கள்ல தலைவரே இல்லை. 2019 டிசம்பர்ல தேர்தல் நடந்து வந்தவங்க காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோட முடிஞ்சு போச்சு. அதுக்கப்புறம் தனி அலுவலர்தான். வட்டார வளர்ச்சி அலுவலரே தனி அலுவலர். தஞ்சாவூர் மாவட்டத்துல 589 ஊராட்சி, 14 ஒன்றியம். வகுத்துப் பாருங்க, ஒரு ஒன்றியத்துக்கு சராசரியா 42 ஊராட்சி. எவ்வளவு நல்ல அலுவலரா இருந்தாலும் 42 ஊர்க் குழாயை ஒருத்தர் பார்க்க முடியுமா?

இது முதல் தடவை இல்லை. 2016 அக்டோபர்ல இருந்து மூணு வருஷத்துக்கு மேல இப்படித்தான் இருந்துச்சு. அந்த நேரத்துலதான் கஜா புயல் வந்துச்சு. 2018 நவம்பர் 16 விடியக்காலம். பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாட்டுப் பக்கம் இருக்கிறவங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தென்னையும் போச்சு, போஸ்ட் மரமும் போச்சு. கரண்டு இல்லாம தொட்டியில தண்ணி ஏறலை. எங்க ஊர்ல வாடகைக்கு ஜெனரேட்டர் பிடிச்சு வந்தாங்க. டீசலுக்குத் தலைக்கட்டு வரி போட்டாங்க. வீடே சாஞ்சு கிடக்கிறவங்ககிட்ட என்னத்த வாங்குறது? எங்க குழு சேமிப்புல இருந்து 5,000 ரூபா கொடுத்தோம். தார்ப்பாய்க்குக் கீழ உட்கார்ந்து தீர்மானம் எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போட்டுத்தான் கொடுத்தோம். அந்தப் பணம் எங்களுக்குத் திரும்பி வரலை, அது போகட்டும். அன்னைக்கு ஊருக்குன்னு ஒரு தலைவர் இருந்திருந்தா யார் வீட்டு வாசல்ல போய் நிக்கிறதுன்னாவது தெரிஞ்சிருக்கும்.

இன்னொண்ணும் கேட்டுக்குங்க. தேர்ந்தெடுத்த ஆட்கள் இல்லைன்னு சொல்லி அந்த வருஷங்கள்ல மத்திய நிதிக்குழு மானியத்தை நிறுத்தி வெச்சாங்க. தேர்தல் நடக்காததுக்கு நாமளா காரணம்? ஆனா குழாய் நம்ம வீட்டுக் குழாய்தான். தேர்தல் எப்போ வரும்னு கேட்கிறதைக் கட்சிக்காரங்க வேலைன்னு நினைக்காதீங்க. அது நம்ம தண்ணிக் காசு.

தேர்தல் வந்தா பாதி இடம் பெண்களுக்கு. சட்டப்படி 50 சதவீதம். இங்க உட்கார்ந்திருக்கிறவங்கள்ல முன்னாள் வார்டு உறுப்பினர் நாலைஞ்சு பேர் இருக்கீங்க, நான் பார்த்தேன். நான் மனசுல பட்டதைச் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. தலைவர் அக்கா பேர் போர்டுல இருக்கும். செக் புக், அப்புறமா வந்த டிஜிட்டல் கையொப்ப சாவி எல்லாம் வீட்டுக்காரர் சட்டைப் பையில இருக்கும். ஆடிட்ல ஆட்சேபணை வந்து தண்டத்தீர்வை விதிச்சா அது யார் பேருக்கு வரும்? கையெழுத்து யாருதோ அவுங்க பேருக்குத்தான் வரும். வீட்டுக்காரர் பேருக்கு வராது. நம்ம குழுவுலயும் வெறும் வித்ட்ராயல் சிலிப்ல கையெழுத்துப் போட்டு ஊக்குநர்கிட்ட கொடுத்து வெக்கிற பழக்கம் இன்னும் சில இடத்துல இருக்கு. தொகை எழுதாத தாள்ல கையெழுத்துப் போடாதீங்க. குழுவுல இதைப் பழகினவங்கதான் நாளைக்கு ஊராட்சியிலயும் போடாம இருப்பாங்க.

நடுவுல ஒரு பழைய கணக்கு. நம்ம தஞ்சாவூர்ப் பெரிய கோயில் கல்வெட்டுல, ராஜராஜ சோழன் காலத்துல கோயில் காசை ஊர்ச் சபைகள் கடனா வாங்கினது வெட்டி வெச்சிருக்கு. காசு ஒண்ணுக்கு வருஷத்துக்கு அரைக்கால் காசு வட்டி. அரைக்கால்னா எட்டுல ஒரு பங்கு, நூத்துக்குப் பன்னிரண்டரை. நம்ம உள்கடன் நூத்துக்கு ஒரு ரூபா வட்டின்னா வருஷத்துக்குப் பன்னிரண்டு. ஆயிரம் வருஷத்துல அரை ரூபாதான் குறைஞ்சிருக்கு! உத்திரமேரூர்க் கல்வெட்டுல இன்னும் ஒரு படி மேல. வாரியத்துல இருந்துட்டுக் கணக்குக் காட்டாதவங்க பேரையும், அவுங்க சொந்தக்காரங்க பேரையும் குடவோலையில போடவே கூடாதுன்னு இருக்கு. அந்தச் சபையில பொம்பளைங்களுக்கு இடம் கிடையாது, அது வேற கதை.

சொந்த வருமானத்துக்கு வர்றேன், ஏன்னா அந்த ஒரு அறையைத்தான் ஊர் தன் இஷ்டத்துக்குத் திறக்க முடியும். பேச்சுக்கு 400 வீடு உள்ள ஊர்னு வெச்சுக்குவோம். குடிநீர்க் கட்டணம் மாசம் 30 ரூபான்னா வருஷத்துக்கு 1,44,000 ரூபா. பாதிப் பேர் கட்டலைன்னா 72,000 போச்சு. ஒரு மோட்டார் ரிப்பேரும் கொஞ்சம் தெருவிளக்கும் அதுல ஓடியிருக்கும். நாம குழுத் தவணையை ஒரு நாள் தள்ளிக் கட்டினா மத்தவங்க விடுறதில்லை. வீட்டு வரி மூணு வருஷம் பாக்கின்னா யாரும் கேட்கிறதில்லை. என் யோசனை, வசூலை மார்ச் கடைசி வாரத்துல ஓடி ஓடிப் பண்ணாம, சம்பா அறுப்பு முடிஞ்சு கையில காசு புழங்குற தை மாசியிலயே கூட்டமைப்பு மூலமா வீடு வீடா ஞாபகப்படுத்தலாம். பணத்தை நாம கையால வாங்க வேண்டாம், அது வம்பு. செயலர்கிட்ட கட்டி ரசீது வாங்கட்டும், இல்லைன்னா ஆன்லைன்ல கட்டட்டும். ரசீது இல்லாம ஒரு ரூபாயும் கொடுக்காதீங்க.

கடைசியா கிராம சபை. வருஷத்துக்கு ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. சில சமயம் தேதி தள்ளிப் போடுவாங்க, விசாரிச்சுக்குங்க. 501லிருந்து 3,000 பேர் வரைக்கும் உள்ள ஊர்ல கூட்டம் செல்லணும்னா 100 பேர் இருக்கணும். அந்த நூறு பேரை எங்க பிடிக்கிறாங்க? நூறு நாள் வேலைத் தளத்துலயும் நம்ம குழுவுலயும்தான். "வந்து ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போங்கம்மா"ன்னு கூப்பிடுவாங்க. அப்போ அந்தக் கூட்டம் நடக்கிறதே நம்மாலதானே? கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி வரவு செலவு அறிக்கையைப் படிக்கச் சொல்லுங்க. வேகமாப் படிச்சா மெதுவாப் படிக்கச் சொல்லுங்க. தீர்மானம் எழுதி முடிச்சு, வாசிச்சுக் காட்டின பிறகு கையெழுத்துப் போடுங்க. தீர்மானப் புத்தகத்துல இடம் விட்டு வெச்சிருந்தா நம்ம கண்ணுக்குத் தெரியாமப் போகுமா? வாரா வாரம் எழுதுறவங்க நாம.

செல்போன் வெச்சிருக்கிற தங்கச்சிங்க "மேரி பஞ்சாயத்" ஆப்பை இறக்கிப் பாருங்க. நம்ம ஊராட்சி பேரைப் போட்டா திட்டம், செலவு எல்லாம் அதுல பார்க்கலாம். காலேஜ் படிக்கிற உங்க வீட்டுப் பிள்ளைங்க அஞ்சு நிமிஷத்துல எடுத்துக் கொடுப்பாங்க.

இப்போ உடனே நம்ம கையில இருக்கிற வேலை, கிராம வறுமை குறைப்புத் திட்டம். குழு குழுவா நாம எழுதிக் கொடுக்கிறதைக் கூட்டமைப்பு சேர்த்து, கிராம சபையில வெச்சு, ஊராட்சி வளர்ச்சித் திட்டத்துல சேர்க்கணும். போன தடவை பாதிக் குழு "ரோடு வேண்டும், லைட் வேண்டும்"னு ஒரே மாதிரி எழுதிக் கொடுத்துட்டீங்க. இந்தத் தடவை எந்தத் தெரு, எத்தனை கம்பம், எந்தக் குழாய், எத்தனை வீடுன்னு எண்ணி எழுதுங்க. பக்கத்துலயே எந்தக் கணக்குல வரும்னு உங்களுக்குப் பட்டதையும் எழுதுங்க. தெரியலைன்னா அந்த இடத்தை விட்டுடுங்க, கூட்டமைப்பு அலுவலகத்துல உட்கார்ந்து சேர்ந்தே பார்ப்போம். படிவம் பொருளாளர் அக்காகிட்ட இருக்கு. சாப்பாட்டுக்கு எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடி ஒவ்வொரு குழு ஊக்குநரும் ஒண்ணு வாங்கிட்டுப் போங்க. அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்ள திருப்பிக் கொடுக்கணும்.